வெள்ளிப் பெயின்ட்

உலைக்குள் இரண்டு துண்டு இரும்பு கிடந்தது. காலையில் வந்ததும் வராததுமாக, கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், எமல்டாதான் இரண்டையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள். எழுநூறு டிகிரி. இப்போது மதியச் சாப்பாடு முடிந்து உலைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் ஆள் காவல் இருந்தால் இரும்பு சீக்கிரம் வெந்துவிடப் போவதில்லை. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. துவாக்குடி தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட இந்தச் சோதனைக்கூடத்துக்குச் சுற்றுவட்டார ஆலைகளில் உடைந்தது, வெடித்தது, வளைந்தது எல்லாம் வரும். எதனால் உடைந்தது என்று சொல்வது அவள் வேலை. இந்தத் தடவை வந்தது ஒரு பாய்லர் குழாய். காவிரிக் கரையில் ஒரு சர்க்கரை ஆலை, கரும்பு அரவை மும்முரமாக நடக்கிற நேரம், நீராவியை மேலும் சூடேற்றும் குழாய்களில் ஒன்று வாயைப் பிளந்துகொண்டது. தீ எப்படி எரிகிறது என்று பார்க்கச் சின்னக் கதவைத் திறந்த பாய்லர்காரர் மாசிலாமணி மேல் அத்தனை நீராவியும் அடித்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தார். ஆலை கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். குழாய்க்குள் படிந்திருக்கும் செதில் எவ்வளவு தடிமன் என்று அளந்து, குழாய் எவ்வளவு சூட்டில் கிடந்தது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். செதில் என்றதும் வெளியாட்கள் துருவா என்பார்கள். துருவுக்குத் தண்ணீரும் ஈரமும் வேண்டும். இது அடங்காத சூட்டில் இரும்பு ஆக்சிஜனைத் தின்று தானே போர்த்திக்கொள்ளும் கறுப்புத் தோல், காய்ச்சின பாலில் ஆடை படிகிற மாதிரி. சூடு ஏற ஏறத் தோலும் தடிக்கும். தோலை அளந்தால் சூட்டைச் சொல்லிவிடலாம், சூத்திரம் இருக்கிறது. ஆனால் அந்தச் சூத்திரம் ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பிக்கொள்ளும், குழாய் இன்ன எஃகுதான் என்று. நூற்றுக்கு ஒன்பது பங்கு குரோமியம் கலந்த எஃகு என்று ஆலை சொல்லியிருந்தது. குரோமியம் இருந்தால் தோல் மெல்லிசாகக் கெட்டியாக ஒட்டி நின்று உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். அப்படிப்பட்ட எஃகில் இவ்வளவு தடிமன் தோல் என்றால் யாரோ தீயைக் கண்டபடி போட்டிருக்கிறான். அந்த யாரோ மாசிலாமணி. கணக்குச் சரி, ஒரு எண்கூடப் பொய் இல்லை. குழாயில் குரோமியமே இல்லாவிட்டால்? சாதா எஃகாக இருந்தால் ஒழுங்கான சூட்டிலேயே தோல் தடிக்கும், வெடிக்கும், உதிரும், உதிர்ந்த இடத்தில் புதுசாக வளரும், குழாய் தேய்ந்துகொண்டே போகும், ஒருநாள் பிளக்கும். மாசிலாமணி ஒரு தப்பும் செய்யாமலே செத்திருப்பார். அதை ஆலை கேட்கவில்லை. கேட்ட சோதனையை மட்டும் செய், கேட்காததைச் செய்யாதே என்பதுதான் இந்தத் தொழிலில் சேர்ந்தவுடனே சொல்லித் தருகிற பாடம். பக்கத்து அறையில் எஃகின் கலவையை நிமிடத்தில் சொல்லும் பெரிய மெஷின் இருக்கிறது, ஆனால் அதைத் தொட்டால் முடிவு நேரே முதலாளியின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். இந்தப் பழைய உலை யாரிடமும் கோள் சொல்லாது. அதனால்தான் குழாயில் வெட்டின துண்டு ஒன்று, அலமாரியில் இருந்த அசல் குரோமிய எஃகில் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரே இனம் என்றால் ஒரே மாதிரித் தோல் போர்த்தும். ஒரே இனமாக இருக்கட்டும் மாதாவே என்று காலையிலிருந்து எத்தனை தடவை சொன்னாளோ. ஏனென்றால் அந்த ஆலையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்பவர் அவள் புருஷன் சூசை.

டீ புதன்கிழமை, குழாய் வியாழக்கிழமை. டீதான் முந்தி. இதை அவள் மனசு ஜெபமாலை உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரமாகக் காலையில் சூசை டீ போட்டுத் தருகிறார். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் அடுப்பங்கரையில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன். தண்ணீர் கேட்டால்கூட ஹாலில் உட்கார்ந்தபடி, பெயர் சொல்லாமல், "தண்ணி" என்று மட்டும் கேட்கிற ஆள். அன்று புதன்கிழமை இவள் எழுந்து வரும்போது அடுப்பங்கரையில் விளக்கு எரிந்தது. முதலில் கேஸ் கசிகிறதோ, மகள் ரெஜினாவுக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் பயந்தாள். சூசை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வடிகட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல், சிந்தினது பாதி டம்ளரில் விழுந்தது பாதியாக நின்றுகொண்டிருந்தார். "குடி, சீனி சரியா இருக்கா பாரு" என்றார். சீனி ஒரு கரண்டி போட்டிருந்தார். இவளுக்கு அரைக் கரண்டிதான், சர்க்கரை லேசாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. சொல்லவில்லை, குடித்துவிட்டாள். மறுநாள் அவராகவே அரைக் கரண்டி போட்டார். மேலே படிந்த ஆடையை ஸ்பூன் நுனியால் எடுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தார். ஆடை நாக்கில் பட்டால் இவளுக்குக் குமட்டும் என்பது அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் இவளுக்குத் தெரிந்தது. அப்படியானால் இத்தனை வருஷமும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கூடத்தில் கூட வேலை பார்க்கும் பானுவிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "சோழியன் குடுமி சும்மா ஆடுமாக்கா? சார் எதுக்கோ அடி போடுறாரு" என்றாள். எமல்டாவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு முழுக்க பானுவோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. முந்தின நாள் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தது பானுவுக்குத் தெரியுமா? தொலைந்துபோனதைத் தேடிக் கொடுக்கிற அந்தோணியார். சாவி தொலைந்தால், தோடு தொலைந்தால் அவரிடம் போவார்கள். இவள் ரெஜினா கல்யாணத்துக்காகத்தான் போனாள், புருஷனைத் தேடித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்காமலே கொடுத்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டாள். நாற்பத்தொன்பது வயசில் ஒரு டம்ளர் டீக்காக பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்த வெட்கங்கெட்டவள் அவள். இரும்பையும் எஃகையும் படித்தவளாம். குழாய் மறுநாள்தானே வந்தது. டீ புதன்கிழமை, குழாய் வியாழக்கிழமை. அவருக்கு ஒன்றும் தெரியாது. பாவம், தெரிந்தால் உடைந்துபோவார், எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

வீட்டு ஹாலில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது, பக்கத்தில் ஷோகேஸில் ஒரு ஷீல்டு. போன வருஷத்துக்கு முந்தின வருஷத்து ஆயுத பூஜை. ஆயுத பூஜை என்றால் ஆலைக்குள் இந்து, கிறிஸ்தவன் என்ற பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத சூசைதான் ஸ்டோர்ஸ் தராசுக்குச் சந்தனம் வைப்பார், பொரிகடலைப் பொட்டலம் கட்டுவார், லாரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பார். அந்த வருஷம் எந்தப் பகுதி சுத்தமாக, அழகாக இருக்கிறதோ அதற்கு ஷீல்டு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சூசைக்குத் தூக்கம் போய்விட்டது. குழாய் அடுக்கின கொட்டகை முழுவதையும் கழுவி, ரேக்கையெல்லாம் தேய்த்து, இங்கே கொஞ்சம் சிவப்பு அங்கே கொஞ்சம் மஞ்சள் என்று கண்ணை உறுத்திக்கொண்டிருந்த குழாய் முனைகளுக்கெல்லாம் ஒரே சீராக வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டார். போட்டோவில் அத்தனை முனையும் புது எவர்சில்வர் கடை மாதிரி மின்னும், நடுவில் சூசை ஷீல்டோடு நிற்பார், பல் எல்லாம் தெரியும். குழாய் முனையில் இருக்கிற நிறம் அழகுக்கு அடிக்கிறதில்லை. இரும்பைக் கண்ணால் பார்த்து இது இன்ன கலவை என்று சொல்ல மனுஷனால் முடியாது, அதனால் சாதா எஃகுக்கு ஒரு நிறம், குரோமியம் கலந்ததற்கு வேறு நிறம் என்று முனையில் ஒரு சாண் அடித்து வைக்கிறார்கள். அந்த நிறம்தான் அதன் பெயர். ஷீல்டு வீட்டுக்கு வந்த அன்று எமல்டா போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, கலரெல்லாம் எங்க?" என்று கேட்டாள். "என்ன கலரு?" "கொழா முனையில இருக்குமே, எது எந்த எஃகுன்னு." சூசை வாயில் பொரியை வைத்துக்கொண்டே, "அதெல்லாம் எது எந்த ரேக்குன்னு நம்ம பசங்களத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவானுங்க. ஜி.எம். கையக் குலுக்கிட்டுப் போறாரு, ஒனக்கு மட்டும் என் சந்தோசம் பொறுக்காதே" என்றார். அவள் போட்டோவைக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள், அன்றைக்குக் கோழிக் குழம்பு. நிறத்தை மறுபடி அடிக்கச் சொல்லி இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் மூன்று நாள் பேச்சிருக்காது, ஹாலிலிருந்து "தண்ணி" என்ற சத்தம்கூட வராது. அதற்குப் பிறகு மழை வந்து கொட்டகை ஒழுகியதாம், ரேக்கை இடம் மாற்றினார்களாம். அரவைக்கு முன்னால் பாய்லரில் பழைய குழாய்களை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள். இவையெல்லாம் அவரே சாப்பாட்டு நேரத்தில் சொன்ன கதைகள்தான். ஒவ்வொன்றையும் அப்போது உப்புச் சப்பில்லாமல் கேட்டாள். இப்போது ஒவ்வொன்றும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

உலையின் எண் எழுநூறிலேயே நின்றது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவள் பார்க்காமலே பார்த்தாள். கல்லூரியில் பேராசிரியர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது, தோல் வளர்வது காற்று உள்ளே போவதாலா, இரும்பு வெளியே வருவதாலா. வகுப்பே காற்றுதான் என்றது. இரும்பில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இரும்புதான் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வெளியே வருகிறது, வந்து காற்றைக் கட்டிக்கொள்கிறது. தன்னைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறது. மெலிந்துபோனதும் எல்லாரும் காற்றைத் திட்டுகிறார்கள். சரி, இதைப் போய் இப்போது எதற்கு நினைக்க வேண்டும். சனிக்கிழமை வேம்பு வந்திருந்தாள், மாசிலாமணியின் பெண்டாட்டி. உள்ளே வர மாட்டேன் என்று வாசல் கேட்டுக்கு வெளியேதான் நின்றாள். நெற்றியில் பொட்டு இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. யாரோ இங்கேதான் குழாய் வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். "அவரு நெருப்ப அதிகமாப் போட்டுட்டாருன்னு ஆபீசுல சொல்றாங்கம்மா. அப்படின்னா அவருக்குப் பதிலா எனக்குத் தர்ற வேலை கெடையாதாம். அவரு வீட்டுல அடுப்பக்கூட சிறுசாத்தான் எரிய விடுவாரு, நெருப்பு நம்மள நம்பித்தான் எரியுதும்பாரு. நீங்க பாத்து எழுதுங்கம்மா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். எமல்டா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், அவள் வாங்கிக்கொண்டு குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். ஸ்டோர்ஸ்காரர் பெண்டாட்டிதான் இவள் என்று வேம்புவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டோடு மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ரெஜினாவின் கல்யாண ஓலை இரண்டாம் முறை வாசித்தார்கள். சாமியார் பெயரை வாசிக்கும்போது சூசை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூசைராஜ், எமல்டா இவர்களுடைய மகள் ரெஜினா. இந்தத் திருமணத்துக்கு யாரேனும் தடை அறிந்தால் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வழக்கமாக வாசிக்கிறதைத்தான் வாசித்தார். மாப்பிள்ளை வீட்டார் மானம் மரியாதை பார்க்கிறவர்கள். பெண்ணின் அப்பா கவனக்குறைவால் ஆள் செத்தது, வேலை போச்சு, போலீஸ் வந்தது என்று வந்தால் மூன்றாம் ஓலை வாசிக்கிற வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார்கள். கேட்டதை மட்டும் அளந்து எழுதினால் போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை. செதில் இத்தனை தடிமன், இந்த எஃகாக இருக்கும்பட்சத்தில் சூடு இவ்வளவு. இருக்கும்பட்சத்தில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு வார்த்தை போதும். செத்தவருக்கு இனிமேல் என்ன, இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டாமா. வேம்புவும் இருக்கிறவள்தான். அப்படி யோசிக்கிறபோதெல்லாம் கையில் ஒரு டம்ளர் சூடு வந்து உட்கார்ந்தது. அந்த மனுஷன் இப்போதுதான் மனுஷனாகியிருக்கிறார். வயசான காலத்தில் வாய்த்திருக்கிறது. அதைப் போட்டு உடைக்க அவளுக்குக் கை வரவில்லை. காலையில் துண்டுகளை உலைக்குள் வைத்ததுகூட, தெரிந்துகொண்டு மறைக்கிறோமா தெரியாமலே மறைக்கிறோமா என்று தனக்காவது தெரியட்டும் என்பதற்காகத்தான். எழுதுவதைப் பொறுத்தவரை மனசு முக்கால்வாசி ஒரு பக்கம் சாய்ந்தாகிவிட்டது.

மூன்று மணி வாக்கில் ஆலையிலிருந்து பொறியாளர் திருஞானம் வந்தார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை. முடிவை இன்றைக்கே கையோடு வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பானு அவருக்கு ஸ்டூல் போட்டாள். அவர் உலையைப் பார்த்துவிட்டு, "இதுவும் நம்ம வேலைதானா மேடம்?" என்றார். "வேற ஒண்ணு" என்றாள் எமல்டா. "நாங்க கேட்டது செதில் மட்டும்தான், அதுக்கு மேல சிரமப்படாதீங்க" என்று பவ்யமாகச் சொன்னார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காதவர்கள் பேசுகிற மாதிரி, "மொதல்ல சென்னைக்கு அனுப்புறதாத்தான் இருந்துச்சு மேடம். செவ்வாக்கெழம மீட்டிங்ல சார்தான் வேண்டாம்னுட்டாரு" என்றார். "எந்த சார்?" "நம்ம ஸ்டோர்ஸ் சார்தான், சூசை சார். எங்க வீட்டுலயே ஆள் இருக்கு, அங்க குடுங்க, கேட்டதத் தாண்டி ஒரு வார்த்த எழுத மாட்டாங்கன்னு சொன்னாரு. எல்லாருக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு." எமல்டா எதையோ எடுக்கிற மாதிரி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எந்த செவ்வாய் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் கேட்டாள். "கொழா உங்களுக்கு வந்ததுக்கு முந்தின செவ்வாதான் மேடம், ரெண்டு நாள் முன்னாடி." செவ்வாய்க்கிழமை. அவள் அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றின செவ்வாய்க்கிழமை. அன்றைக்குச் சாயங்காலம் இவள் முட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மீட்டிங்கில் உட்கார்ந்து பெண்டாட்டியின் வாயை அடகு வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடிந்ததும் அடுப்பங்கரையில் விளக்கு. டீ புதன்கிழமை, குழாய் வியாழக்கிழமை, பேச்சு செவ்வாய்க்கிழமை. தெரியும். அவருக்கு எல்லாம் தெரியும். குழாய் பிளந்த அன்றே தெரிந்திருக்கும், வெள்ளிப் பெயின்ட்டை நினைத்துத் தனியாகக் கிடந்து புழுங்கியிருப்பார். அப்போது வந்து, எமல்டா, தப்பு பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே சொல்ல முடியாது. ஒருவேளை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள், அழுதுவிட்டு மாசிலாமணியின் தலையில் பழியைப் போட்டிருப்பாள். சொல்லவில்லையே. அரைக் கரண்டி சீனி போட்டார். ஆடையை எடுத்துப் போட்டார். இருபத்துநாலு வருஷம் தெரிந்தே வைத்திருந்த ஒன்றை, தேவைப்படும்போது எடுத்துச் செலவழித்தார். கேட்டதைத் தாண்டி ஒரு வார்த்தை எழுத மாட்டாள். சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார், போட்டோவைக் கொடுத்துவிட்டுக் குழம்பு கிளறப் போனவள்தானே. பஸ் ஜன்னலோரம் தான் சிரித்துக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆள் செத்ததைவிட, வேம்பு நின்றதைவிட, அந்தச் சிரிப்பு அவளை அவமானப்படுத்தியது. இப்படி நினைக்கிறோமே என்பது இன்னொரு அவமானம்.

அவள் போய் உலையின் ஸ்விட்சை அணைத்தாள். சொன்ன நேரத்துக்கு இன்னும் பாக்கி இருந்தது, பரவாயில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது. நீள இடுக்கியால் இரண்டு துண்டையும் எடுத்துச் செங்கல் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். திருஞானமும் எழுந்து வந்து நின்றார். சிவப்பாக இருக்கிற வரைக்கும் இரண்டும் ஒன்றுதான், பிரித்துச் சொல்ல முடியாது. ஆறினால்தான் தெரியும். சிவப்பு மங்கிக் கறுத்தது. வலது பக்கத் துண்டு, அலமாரியிலிருந்து எடுத்த குரோமிய எஃகு, லேசான நீலமும் சாம்பலுமாக ஒரு நிறம் ஏறினதோடு நின்றுகொண்டது, வெட்டின விளிம்புகூடக் கூர்மையாகவே இருந்தது. இடது பக்கத் துண்டு தடித்த கரும்போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தது. ஆற ஆற அதிலிருந்து சின்னதாக, சோளம் பொரிகிற மாதிரி, டிக், டிக் என்று சத்தம் வந்தது. உள்ளே இரும்பு ஒரு அளவுக்குச் சுருங்குகிறது, மேலே தோல் வேறு அளவுக்குச் சுருங்குகிறது, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. தோல் ஓரத்தில் கிளம்பி, சிலாம்பு சிலாம்பாகச் செங்கல் மேல் உதிர்ந்தது. அவள் இடுக்கியின் முனையால் தொட்டாள், ஒரு பெரிய பொருக்கு அப்படியே கழன்று விழுந்தது. பானு வாயில் கை வைத்துக்கொண்டாள். திருஞானம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். படித்தவர்தான், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "மேடம், இத நாங்க கேக்கலையே" என்றார். "கேக்கல." "சூசை சாருக்குத்தான் சிக்கல் மேடம், யோசிச்சுக்குங்க. வேணும்னா நாங்க வேற லேபுல குடுத்துக்கறோம், நீங்க பேர் கெட்டுக்க வேண்டாம்." "குடுங்க. எங்க குடுத்தாலும் அது இதே இரும்புதான்" என்றாள். சனிக்கிழமை வேம்பு பானுவிடம் நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், அதைக் கேட்டு வாங்கிப் போட்டாள். ஆலை கொடுத்த வேலையின் முடிவை வெளியாளிடம் சொன்னால் முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று தெரிந்துதான் போட்டாள். திருஞானம் தடுக்க வாயெடுத்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். "வேம்பு, நான் துவாக்குடியிலேருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரர் நெருப்ப அதிகமாப் போடல. கொழாதான் மாறிப்போச்சு. ஆகாத கொழாய வெச்சுட்டாங்க." "இத எழுதித் தருவீங்களாம்மா?" என்றாள் வேம்பு. "தருவேன்." போனை வைத்துவிட்டு, செதிலோடு எஃகையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருஞானம் கையில் கொடுத்தாள். அவர் போனபிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதை மாசிலாமணிக்காகச் செய்தோமா, டீக்காகச் செய்தோமா? திருஞானம் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால், அந்த செவ்வாய்க்கிழமையைச் சொல்லாமல் இருந்திருந்தால், இந்த இரண்டு துண்டையும் பார்த்துவிட்டுக்கூட இருக்கும்பட்சத்தில் என்றுதான் எழுதியிருப்பாளோ? வேம்புவின் நியாயம் ஒரு பொண்டாட்டியின் ரோஷத்தில் தொங்கிக்கொண்டிருந்ததோ? நினைக்க நினைக்க வாய் கசந்தது. இந்தக் கேள்விக்கு எந்த உலையிலும் வைத்துப் பதில் எடுக்க முடியாது.

ஆறு மணிக்கு வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரே சூசை வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் இந்தக் கேட்டுப் பக்கம் வந்ததே இல்லை, பஸ்ஸில்தான் போய் வருவாள். கையில் பிளாஸ்க். திருஞானம் இன்னும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், போன் செய்திருக்கவும் இல்லை என்பது சூசையின் சிரிப்பிலேயே தெரிந்தது. "இந்தப் பக்கமா வந்தேன், சூடா ஒரு வாய் குடிச்சிட்டுப் போலாம்" என்று பிளாஸ்க் மூடியில் ஊற்றி, விரல் நுனியால் ஆடையை எடுத்து உதறிவிட்டு நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். சூடு கையில் ஏறியது. "எழுதிக் குடுத்துட்டேங்க" என்றாள். "செதிலுதானே?" "எஃகையும் எழுதிட்டேன். குரோமியமே இல்ல. சாதா கொழா. வேம்புகிட்டயும் சொல்லிட்டேன்." சூசையின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை, போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "ரெஜினாவ நெனைச்சுப் பாத்தியா?" என்றார். "பாத்தேன்." "அந்தப் போட்டோவ ரெண்டு வருசமா நீதானே தொடைக்கிற. அன்னிக்கி நீ இன்னும் ஒரு தடவ அழுத்திச் சொல்லியிருந்தீன்னா நான் அடிச்ச பெயின்ட்ட சொரண்டியிருக்க மாட்டேனா?" சுரண்டியிருக்க மாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது, இனி அது அங்கேதான் இருக்கும். சூசை கையை நீட்டி அவள் கையிலிருந்த மூடியை வாங்கினார். மூன்று கரண்டி சீனி இல்லாமல் டீயைத் தொடாத மனுஷன், நின்ற இடத்திலேயே அந்த அரைக் கரண்டி டீயை முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். மூடியை உதறிப் பிளாஸ்க்கை மூடிக்கொண்டு வண்டியை உதைத்தார். ஏறிக்கொள் என்று சொல்லவில்லை. அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

மறுநாள் காலை எழுந்து வந்தபோது அடுப்பங்கரை இருட்டாக இருந்தது. ஹாலில் விளக்கு எரிந்தது, சூசை நாற்காலியில் உட்கார்ந்து, போட்டோ மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார், போட்டோவைக் காணவில்லை. எமல்டா தீப்பெட்டியை எடுத்து அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கி அடங்கி மேலே ஆடை கட்டியது. ஹாலிலிருந்து, பெயர் சொல்லாமல், "தண்ணி" என்று சத்தம் வந்தது. அவள் சொம்பில் மொண்டு கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, தன் டீயை ஆடையோடு குடித்தாள்.